ஒற்று மிகும் இடம்

பிரெமர்ஹாஃபனில் பிப்ரவரி.
மீன் ஏலக்கூடத்தின் கூரையில் கடற்காகங்கள்
விடிந்ததிலிருந்து வழக்காடுகின்றன.
கீழே மூன்றாம் எண் கதவில் பித்தளைப் பலகை:
ஹென்ரிக்கே ஃபோஸ்காம்ப்,
நீதிமன்ற முத்திரை பெற்ற மொழிபெயர்ப்பாளர்.
பக்கத்துக்கு முப்பத்தெட்டு மார்க்.

மேசையில் செய்தித்தாள் துண்டு ஒன்று.
ஒஹாயோவில் இறந்துபோன என்னோ ட்யார்க்ஸ்
பதினோரு வரிகளில்.
கொண்டுவந்தவள் அவன் தங்கை கேஷெ,
ஆலையின் ரப்பர் அங்கியைக் கழற்றாமலே.
மீன் பெட்டிகளின் மேல் அச்சாகும் ஆங்கிலம்தான்
அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம்:
இப்பக்கம் மேலே. உடையும். உறையவைக்கவும்.

முதல் வினை எளிது.
பால்டிக்கில் கண்ணிவாரிக் கப்பல் மூழ்கியது,
அவன் சர்வைவ் ஆனான்.
ஊபர்லேபன், என்று எழுதுகிறாள் ஹென்ரிக்கே.
மேலே வாழ்தல்.
நுரைக்கு மேலே ஒரு தலை தெரிகிறது.

அடுத்து, இரண்டு மனைவியர் போனபின்னும் இருந்தான்.
ஆங்கிலத்தில் அதற்குத் தனி வினை, அவுட்லிவ்:
கதவு சாத்திய வீட்டுக்கு
வெளியே நின்று வாழ்வதுபோல.
ஜெர்மனில் மறுபடியும் ஊபர்லேபன்தான்.
வில்மாவும் லொரேனும் பால்டிக் கடலாகிவிட,
சொட்டச் சொட்டக் கரையேறுகிறான் என்னோ,
இரண்டு முறை.

உருக்காலைகள் இரண்டு மூடின, அவன் மூடவில்லையாம்.
ஊபர்டவர்ன்? அது தேவாலயக் கோபுரத்துக்கு,
ஓக் உத்தரத்துக்கு.
ஊபர்ஷ்டேயன்? அது சளிக்காய்ச்சலுக்கு,
மாமியாரின் ஈஸ்டர் வருகைக்கு.
இரண்டையும் பென்சிலில் எழுதிவைக்கிறாள்,
ஒன்றன்மேல் ஒன்றாக.

(நானாக இருந்தால் பிழைத்தான் என்று முடித்திருப்பேன்.
கடலுக்கும் ஆலைக்கும் அது போதும்.
ஆனால் என் மொழியின் கணக்கு விசித்திரம்:
பிழை செய்தவனும் பிழைத்தவன்,
தவறு செய்தவனும் தவறியவன்.
இரண்டு குற்றத்தில் ஒன்றுக்கு உயிர்,
ஒன்றுக்குச் சாவு.
தீர்ப்பு எழுதியவர் யாரென்று தெரியவில்லை.)

கடைசி வரி.
ஒரு தங்கையால் சர்வைவ் செய்யப்படுகிறான், என்கிறது ஆங்கிலம்.
செத்தவன் சும்மா இருக்க
வேலை முழுதும் அவளுக்கு.
ஜெர்மன் மரண அறிவிப்பில் அப்படி வழக்கமில்லை.
அங்கே செத்தவனே வினையைச் செய்யவேண்டும்: ஹின்டர்லாசன்.
ஹென்ரிக்கே வாசித்துக் காட்டுகிறாள்,
‘ஒரு தங்கையை விட்டுச்செல்கிறான்.’

‘அதைத்தான் ஏற்கெனவே செய்தானே,’ என்கிறாள் கேஷெ.
‘ஐம்பத்தேழில், கொலம்பஸ் துறையில்.
கப்பலிலிருந்து காகித நாடா வீசினார்கள்.
ஒரு முனையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தேன்.
அறுந்த பிறகுதான் பார்த்தேன்,
மறுமுனையில் இருந்தது வேறு யாரோ.
அவன் உள்ளே சீட்டாடப் போயிருந்தானாம்,
கடிதத்தில் எழுதினான், பெருமையாக.’

‘நான் செய்ததாகவே போடுங்கள்.’

‘போடலாம். ஆனால் அந்த வினையே திரும்ப வரும்.
கப்பலுக்குப் போட்ட அதே சொல்.
அப்போது அவர்தான் கடல்,
நீங்கள் நீந்தி வந்தவர்.’

கேஷெ கண்ணாடியில் ஒட்டியிருந்த செதிலை
நகத்தால் சுரண்டி எடுக்கிறாள்.
நேரம் எடுத்துக்கொள்கிறாள்.
‘சரியாகத்தானே வருகிறது,’ என்கிறாள்.

மார்க்குகளை எண்ணிவைத்துவிட்டு,
முத்திரை காயும்வரை ஊதி, மடித்து,
அங்கியின் உட்பையில் போட்டுக்கொண்டு போகிறாள்.
இரண்டாம் ஷிஃப்டின் சங்கு.

பிழை திருத்த உட்காருகிறாள் ஹென்ரிக்கே, தன் பிரதியில்.
பென்சில் சொற்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன,
முத்திரை விழுந்த தாளிலும் இருந்திருக்கும்.
எழுந்து ஜன்னலைத் திறக்கிறாள்,
கூப்பிட வாயெடுக்கிறாள்.

பனியில் ரப்பர் காலணி சறுக்கி,
விளக்குக் கம்பத்தைப் பிடித்து,
நிமிர்ந்து,
யாரும் பார்த்தார்களா என்று பார்க்கிறாள் கேஷெ.

பிழைத்திருக்கட்டும்.
ஜன்னலைச் சாத்துகிறாள்.